சிவப்புத் துணி கட்டிய செடி

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தியின் மகள் 2022 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் தன் வளவைச் சுற்றிக் காட்டினாள். அங்கே வெயில் காலம் நாலு மாதம்தான். அதற்குள் பன்னிரண்டு தக்காளிக் கன்று வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதிய தடி குத்தியிருந்தாள். ஒன்று ஊதா, ஒன்று மஞ்சளில் சிவப்பு ஓடியது, ஒன்று இரண்டு கைக்குள் அடங்காத இளஞ்சிவப்பு. "எல்லாம் ஹெர்லூம் அக்கா, கடையில வாங்கேலாது" என்றாள். தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காத்துவந்த பழைய சாதிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அம்மம்மா வீட்டுக் கோடிக்குள்ள ஒரு தக்காளி நிண்டதெல்லோ, மடிப்பு மடிப்பா, நல்ல புளிப்பு. அதின்ர விதை உங்களிட்ட இருக்குத்தானே?" இல்லை என்றேன். அவள் வேறு கதைக்குப் போய்விட்டாள். நான் சொன்ன அந்த 'இல்லை' மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. மூன்று வருடமாக அதைத்தான் நட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தக்காளி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் செம்மண் காணி. கிணற்றடியிலிருந்து வாழைக்குப் போகும் வாய்க்கால் ஓரம் வருடா வருடம் நிற்கும். சின்னப் பூசணி போன்ற பழம், காம்படியில் பழுத்தாலும் கொஞ்சம் பச்சை இருக்கும். எங்கள் சமையலில் தக்காளிக்குப் பெரிய இடம் கிடையாது. குழம்புக்குப் பழப்புளி இருக்கிறது. தக்காளியின் இடம் சொதி. தேங்காய்ப்பாலில் கரைந்து காணாமல் போகாமல், துண்டு துண்டாக நின்று, இடியப்பத்தோடு கடிபடும்போது புளிக்க வேண்டும். அம்மம்மா வீட்டுத் தக்காளி அந்த வேலையைச் சரியாகச் செய்தது. போருக்குள் 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் யூரியா இல்லை, மண்ணெண்ணெய்க்கு நெருப்பு விலை, விதைப் பைக்கற்று என்ற பேச்சே இல்லை. அந்த ஐந்து வருடமும் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் தாங்கள் சாப்பிட்ட பழத்திலிருந்தே விதை எடுத்தார்கள். அம்மம்மா விதையை அடுப்புச் சாம்பலில் பிரட்டி, சுளகில் பரப்பி நிழலில் உலர்த்தி, பழைய வேட்டித் துண்டில் முடிந்து குசினிக் கூரையில் அடுப்புக்கு நேர் மேலே செருகி வைப்பார். புகை படுகிற இடத்தில் பூச்சி அண்டாது.

1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு: போர் நெருங்கி வர, ஊர் ஊராக எல்லாரும் வீட்டை விட்டு இடம்பெயர்ந்த இரவு அது. காணி உறுதி, நகை, அரிசி, ஒரு சைக்கிள். நாவற்குழிப் பாலம். விதை முடிச்சு கூரையிலேயே இருந்தது, அது ஒருவர் நினைவிலும் வரவில்லை. அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு மீசாலையிலிருந்து திரும்பி வந்தபோது குசினிக்குக் கூரை இல்லை. அயலில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரிடமும் இல்லை. எல்லாரும் ஒரே இரவில் ஒரே பாலத்தால் போனவர்கள், எப்படி இருக்கும்?

ஹெர்லூம் என்ற சொல்லைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது இந்த இடம்தான் எனக்கு வலித்தது. அமெரிக்காவில் 1975இல் சீட் சேவர்ஸ் எக்சேஞ்ச் என்ற அமைப்பு தொடங்கியதற்கே காரணம், டயான் ஒட் வீலி என்ற பெண்ணிடம் அவருடைய தாத்தா கொடுத்த விதை. அதில் ஒன்று 'ஜேர்மன் பிங்க்' என்ற தக்காளி. அவருடைய குடும்பத்தார் பவேரியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தபோது கூடவே வந்தது. 'செரோக்கி பர்ப்பிள்' என்று இன்று உலகமெல்லாம் வளர்க்கிற ஊதாத் தக்காளியும் அப்படித்தான். 1990இல் டென்னசியிலிருந்து ஒருவர் தபாலில் அனுப்பிய கொஞ்ச விதையை கிறெய்க் லஹூலியர் என்பவர் முளைக்கவைத்துப் பெயரும் வைத்தார். இவற்றை வாசிக்க வாசிக்க அந்த மனிதர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. கூடவே ஒரு துக்கமும். கடல் கடந்தவர்கள் விதையைக் கொண்டு போயிருக்கிறார்கள். நாங்கள் கடந்தது ஒரு பாலம்.

பண்டாரவளை விதை

2022இல் பொருளாதார நெருக்கடியில் இலங்கை இருந்த நிலை தெரியும்தானே. முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்து தோட்டக்காரரை நடுங்க வைத்தார்கள். அந்த ஆனியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். அலுவலகத்தில் கோப்போடு இருந்த எனக்கு மண்வெட்டி கையில் வந்தது அப்படித்தான். திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய ஒரு கிலோவில் ஆக அழகான பழத்தைப் பிழிந்து விதை எடுத்தேன். ஐப்பசியில் நாற்றுமேடை போட்டேன். மார்கழியில் மழை கொஞ்சம் விட்டதும் பாத்தியில் நட்டேன். மாசியில் காய்த்தபோது பதினைந்து செடியில் பதினைந்து விதமான பழம். ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்று கோலிக்குண்டு அளவு. தாய்ப்பழத்தைப் போல ஒன்றுகூட இல்லை. சந்தைப் பழம் கலப்பின விதையில் வந்தது. இரண்டு வேறு சாதித் தக்காளியைச் சேர்த்துப் பிறந்த முதல் தலைமுறை ஒரே அச்சாக இருக்கும். அதன் விதையைப் போட்டால் உள்ளே மறைந்திருந்த பாட்டன் பூட்டன் எல்லாம் வெளியே வரும். எனக்கு அது அப்போது தெரியாது, மிகவும் ஏமாற்றமாக இருந்தது. சிறுத்ததையும் வெடித்ததையும் பிடுங்கிக் கிணற்றடி வாழைக்குள் எறிந்தேன். அப்படி எறிந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் பண்டாரவளையில் இருக்கும் என் பழைய அலுவலக நண்பர் தன் தோட்டத்து ஹெர்லூம் விதை முப்பது அனுப்பினார். பதினைந்து செரோக்கி பர்ப்பிள், பதினைந்து 'பிராண்டிவைன்'. அந்த உறையைக் கையில் வாங்கிய நாள் எனக்கு ஒரு நல்ல நாள். விதை ஆறாம் நாள் முளைத்தது. செடி என்றால் அப்படி ஒரு செடி. பிராண்டிவைனின் இலை உருளைக்கிழங்கு இலை மாதிரி அகலமாக இருக்கும், தக்காளி என்று சொன்னால்தான் தெரியும். ஆறடிக்கு மேல் தடி கட்டினேன். பூ கொத்துக் கொத்தாக வந்தது. வந்த பூ ஏறக்குறைய எல்லாம் காம்போடு உதிர்ந்தது. விடியற்காலையில் எழும்பிப் பார்த்தால் பாத்தியில் மஞ்சளாக விழுந்து கிடக்கும்.

வாசித்துத்தான் காரணம் விளங்கியது. தக்காளிப் பூவுக்குப் பகல் சூட்டைவிட இரவுச் சூடு பெரிய விடயம். இரவில் 21, 22 பாகைக்கு மேல் போனாலே பல சாதிகளில் மகரந்தம் பழுதாகத் தொடங்கிவிடும், பூ கருக்கட்டாது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிற ஊர், அங்கே இரவில் போர்வை வேண்டும். யாழ்ப்பாணத்தில் தை மாதத்துப் பனியிலேயே இரவு 22, 23 பாகை இருக்கும். மாசி பிறந்தால் அதுவும் இல்லை. பிராண்டிவைன் ஒரு காய்கூடத் தரவில்லை. செரோக்கி பர்ப்பிள் மொத்தம் நாலு பழம் தந்தது. அதில் முதல் இரண்டின் அடிப்பக்கம் கறுத்து அழுகியது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று அயலில் சொன்னார்கள். ஆனால் நாங்கள் இருப்பதே சுண்ணாம்புக்கல்லின்மேல். கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைத்த கேத்திலுக்குள் வெள்ளைப் படை விரல் நகத்தால் சுரண்டும் அளவுக்குப் படியும். சத்து மண்ணில் இருந்தாலும் அது பழத்துக்குப் போவது தண்ணீரோடுதான், நானோ மூன்று நாளைக்கு ஒருமுறை வாளி வாளியாக ஊற்றி, பிறகு காய விட்டிருந்தேன். பூவரசங்குழை வெட்டிச் செடியடியை மூடி, தினமும் அளவாக இறைக்கத் தொடங்கிய பிறகு வந்த இரண்டு பழமும் சுத்தமாக இருந்தன.

ஆக எனக்கு இரண்டு நல்ல பழம். பெரியதைச் சொதிக்கு வெட்டினோம். ருசி இல்லை என்று சொல்ல மாட்டேன், பச்சையாகச் சாப்பிட அருமையான பழம், கொஞ்சம் உப்புத் தூவினால் போதும். சொதியில் அது கரைந்து இனிப்பாகப் போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தேசிக்காய் இன்னும் கொஞ்சம் பிழிந்தார். மற்றதை விதைக்கு வைத்தேன். விதையைச் சாறோடு ஒரு கண்ணாடிப் பேணியில் விட்டுப் புளிக்க வைக்க வேண்டும். விதையைச் சுற்றி இருக்கிற வழுவழுப்பில் முளையைத் தடுக்கிற பொருள் உண்டு, பழத்துக்குள்ளேயே முளைக்காமல் இருப்பது அதனால்தான். புளித்தால் அது கழன்றுவிடும். குளிர் நாட்டில் மூன்று நாலு நாள் என்று எழுதுகிறார்கள். எங்கள் சூட்டுக்கு ஒன்றரை நாள், கூடினால் இரண்டு. அதற்கு மேல் விட்டால் பேணிக்குள்ளேயே முளை காட்டும். மேலே வெள்ளை ஆடை படர்ந்ததும் தண்ணீர் விட்டுக் கலக்கினால் சப்பி மிதக்கும், நல்ல விதை அடியில் நிற்கும். அம்மம்மாவின் சாம்பல் வேலையும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்திருக்கிறது, வழுவழுப்பைத் தேய்த்து எடுத்திருக்கிறது.

மாசி மாதத்துக் காலை

2024இல் பாத்தி இரண்டு. ஒன்றில் செரோக்கி பர்ப்பிள் பன்னிரண்டு. மற்றதில் இடம் இருந்ததால் கிணற்றடி வாழைக்குள் தானாக முளைத்துக் காய்த்திருந்த தக்காளிகளின் விதையில் பன்னிரண்டு. நான் எறிந்த பழங்களின் பிள்ளைகள் அவை. இடத்தை வீணாக்கக் கூடாது என்றுதான் வைத்தேன். கார்த்திகைக் கடைசியில், பிறகு பெங்கல் புயலான அந்தத் தாழமுக்கம் வந்தது. நாலு நாள் விடாத மழை. வலிகாமத்துச் செம்மண் தண்ணீரைக் குடித்துவிடும் என்று பெருமையாகச் சொல்வோம், அந்த முறை எங்கள் கோடிக்குள்ளும் கணுக்கால் தண்ணீர் நின்றது. கன்றுகள் நாற்றுமேடையில் உயரத்தில் இருந்ததால் தப்பின. தண்ணீர் வடிந்த பாத்தியில் மார்கழி நடுவில் நட்டேன்.

தை முடிய, பச்சையாக நின்ற செடி ஒன்று ஒரு மத்தியானம் வாடியது. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி இல்லை, வெந்நீர் ஊற்றியதுபோலத் தொங்கியது. பின்னேரம் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் நிமிரவில்லை. தண்டை அடியில் வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் பிடித்துப் பார்த்தேன். வெட்டுவாயிலிருந்து பால்நூல் மாதிரி வெள்ளையாக இறங்கியது. பக்ரீரியா வாடல். மண்ணில் இருந்து வேரால் ஏறி, தண்ணீர் போகிற குழாயை அடைத்துவிடுகிற நோய். சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். மருந்து இல்லை. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். இரண்டு கிழமைக்குள் செரோக்கி பர்ப்பிள் பன்னிரண்டும் போயின. கிணற்றடிப் பிள்ளைகளில் ஏழு போயின. ஒவ்வொன்றாகப் பிடுங்கி நெருப்புக்குள் போடும்போது எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த நாள் காலை மிஞ்சிய ஐந்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவற்றில் ஒன்று நல்ல உருண்டையான, பளபளப்பான பழம் வைத்திருந்தது. செடி பாதி இலை சுருண்டு, ஒரு பக்கம் சோர்ந்துதான் நின்றது. ஆனாலும் பழம் வடிவு. இதில் விதை எடுப்போம் என்று கையை நீட்டினேன். அம்மா கிணற்றுக் கட்டில் இருந்து பல் விளக்கிக்கொண்டிருந்தவர், அங்கிருந்தே கேட்டார், "என்ன பிள்ளை செய்யிறாய்?" சொன்னேன். வாயைக் கொப்பளித்துவிட்டு எழும்பி வந்தார். 78 வயது, முழங்கால் வருத்தம், பாத்திக்குள் இறங்க மாட்டார். அன்று இறங்கினார். ஐந்து செடியையும் அடியிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பழத்தை அவர் பார்க்கவே இல்லை. கடைசியில் வாய்க்கால் முடிவில், தண்ணீர் ஆகக் கூட நின்ற மூலையில் நிற்கும் செடியில் கையை வைத்தார். அதன் பழம் சின்னது, தோள்பட்டையில் வெடிப்பு வேறு. "இதில எடு."

அதில் பழம் சரியில்லையே அம்மா என்றேன். அவர் சொன்னது இது: "நீ பழத்தைப் பாக்கிறாய். விதை பழத்துக்கே எடுக்கிறது? செடிக்கெல்லோ எடுக்கிறது. பக்கத்தில நிண்டது ரெண்டும் செத்துப் போச்சு, இது நிக்குது. இரவும் சூடு, பார், கீழிருந்து நாலு கொத்துக் காய்ச்சிருக்கு. முதல் கொத்தை விடு. ரெண்டாம் மூண்டாம் கொத்தில எடு. செடியிலயே நல்லாப் பழுக்கட்டும்." பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பழைய சிவப்புச் சட்டையின் ஓரத்தைக் கிழித்து அந்தச் செடியில் கட்டினார். கட்டினால் வீட்டில் ஒருவரும் சொதிக்குப் பிடுங்க மாட்டார்கள். அம்மம்மா அப்படித்தான் செய்வாராம். எனக்கு அந்தத் துணி நினைவே இல்லை. பழமும் புளிப்பும் கூரை முடிச்சும்தான் என் ஞாபகத்தில் இருந்தன. முப்பது வருடமாக நான் தேடிக்கொண்டிருந்ததில் பாதி, பக்கத்து அறையில் படுத்து எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நான் வாசித்த எல்லாவற்றையும் வேறு கண்ணால் பார்க்கிறேன். தாய்வானில் இருக்கிற உலக மரக்கறி மையம் இந்த வாடலுக்கும் வெள்ளத்துக்கும் ஒரு நல்ல வழி சொல்கிறது: தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டி நடுவது. வேரில் நோய் இலகுவில் ஏறாது, தண்ணீர் நின்றாலும் தாங்கும். விற்பனைக்குப் போடுகிறவர்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் செய்யப்போவதில்லை. ஒட்டுக்கன்றில் நோயைத் தாங்குவது கத்தரியின் வேர். அந்தத் தக்காளியின் வேர் என்ன வேர் என்று எனக்குத் தெரியவே வராது. விதை எடுக்கிறவளுக்கு அது தெரிய வேண்டும். அதேபோல் செரோக்கி பர்ப்பிளில் எனக்கு இப்போது கோபம் இல்லை. அது டென்னசியில் யாரோ பல வருடம் தங்கள் வளவில் நின்ற செடியைப் பார்த்துப் பார்த்து எடுத்த விதை. அந்த வளவின் இரவு அதற்குள் இருக்கிறது. கோண்டாவிலின் இரவு அதற்குள் இல்லை.

ஐம்பது வருடம் பழையதாக இருந்தால்தான் ஹெர்லூம் என்று சிலர் கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் என் கிணற்றடித் தக்காளிக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அதன் தாய் சந்தைக் கலப்பினம். இன்னும் ஒரு நிலைக்கு வரவும் இல்லை. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்க்கும், ஒவ்வொரு தலைமுறையிலும் உள்ளே இருக்கிற கலப்புப் பாதி பாதியாகக் குறையும். இந்த ஐப்பசியில் நான் போடுவது ஐந்தாம் தலைமுறை. பதினாறில் ஒரு பங்குக் கலப்பு மிச்சம். இன்னும் இரண்டு மூன்று வருடம் இதே துணியை இதே மாதிரி கட்டினால் அச்சாக வரும். அதுவரை ஒவ்வொரு மாசியிலும் அம்மா பாத்திக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இப்போது கிணற்றடியிலிருந்து பாத்திவரை இரண்டு பலகை போட்டிருக்கிறேன்.

பங்குனியில் அந்தச் செடியின் மிச்சப் பழத்தில் சொதி வைத்தேன். துண்டு கரையவில்லை, புளித்தது. அம்மாவிடம் கேட்டேன், அம்மம்மாவின் தக்காளி இப்படித்தானே? ஒரு துண்டை மெதுவாக மென்றார். "அது இல்லை. அதுக்குத் தோல் இன்னும் மெல்லிசு." கொஞ்சம் பொறுத்து, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆம் என்று சொல்லியிருக்கலாம், நான் அதைத்தான் கேட்க விரும்பினேன் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. அதற்காக நான் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

விதை இப்போது ஒரு மூடி இறுகிய போத்தலில், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, எண்ணிப் பார்த்தேன், 260. போன கிழமை அம்மா அதை வெளியே எடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்காதே, ஒரே ஒழுங்கைக்குள்ளும் கொடுக்காதே என்றார். இருபது இருபதாகக் கடதாசியில் மடித்தோம். இணுவிலில் இருக்கும் மாமிக்கு ஒன்று. கிளிநொச்சியில் தம்பிக்கு ஒன்று. வவுனியாவில் என்னோடு வேலை செய்த ஒருவருக்கு ஒன்று. பண்டாரவளைக்கு ஒன்று, அங்கே குளிரிலும் மழையிலும் இலை கருகல் வந்து இது சாகலாம், சொல்லித்தான் அனுப்புகிறேன். ஸ்காபரோவில் இருக்கிற சித்தியின் மகளுக்கும் ஒன்று மடித்தோம். தாவர அனுமதி இல்லாமல் விதை அனுப்பக் கூடாது, அதனால் விசாரித்து முறையாக அனுப்பும்வரை அது போத்தலுக்குள்ளேயே இருக்கட்டும். அதன்மேல் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டேன். அம்மா பேனையை வாங்கி அவளுடைய பெயரை எழுதினார்.